இடம் இருக்கிறது, ஆனால் இல்லை

"அண்ணா, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எரர் வருகிறது. ஆனால் 2 டெராபைட் காலியாகத்தானே இருக்கிறது?"

ஆய்வு மாணவர் ஒருவர் இரவு பத்தரைக்கு அனுப்பிய செய்தி. காலநிலைத் தரவுகளை வைத்திருக்கும் எங்கள் பழைய சர்வரைப் பற்றியது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். அப்புறம் டிஎஃப்போடு ஹைஃபன் ஐ சேர்த்து அடித்தேன். ஐநோடு 100 சதவீதம் தீர்ந்திருந்தது.

லினக்ஸில் ஒரு கோப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு ஒரு ஐநோடு வேண்டும். யாருடைய கோப்பு, எவ்வளவு பெரியது, டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பழைய சர்வரில் இருந்த இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) மொத்தம் எத்தனை ஐநோடு என்பது ஃபார்மேட் செய்யும் அன்றே முடிவாகிவிடும். இருக்கிற இடத்துக்குள் பிறகு கூட்ட வழியில்லை. அன்றைக்கு முடிவு செய்த புண்ணியவான் நான்தான். காலநிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் வடிவக் கோப்புகள் எல்லாம் ஜிகாபைட் கணக்கில் வருபவை, 4 எம்பிக்கு ஒரு ஐநோடு போதும் என்று கொடுத்திருந்தேன். 40 டெராபைட்டுக்கு ஏறக்குறைய 95 லட்சம். மாணவரின் நிரலோ கட்டத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று உரைக் கோப்புகளாக எழுதித் தள்ளியிருந்தது. 70 லட்சம் கோப்புகள், பல 2 கேபிகூட இல்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சின்னக் கோப்புகளை டார் கொண்டு பெரிய கோப்புகளாகக் கட்டி மூச்சுவிட இடம் செய்தேன். ஆனால் சர்வரை மாற்றியே ஆக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. புதிய சர்வரில் 60 டெராபைட், எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமை. அதில் ஐநோடு தேவைக்கேற்ப உருவாகிக்கொள்ளும்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. கோப்புகள் பிடித்திருக்கும் இடத்தைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளை காட்டிய தரவு 36 டெராபைட். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் நான்கு நாள்கூட ஆகாது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங் கட்டளையை, உரிமையும் தேதியும் அப்படியே வரும்படி ஹைஃபன் ஏ போட்டு, ஃபோல்டர் ஃபோல்டராக ஓடவிட்டேன். எட்டாம் நாள் புதிய சர்வரில் 52 டெராபைட் ஏறியிருந்தது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. 36 எப்படி 52 ஆகும்?

ஒரு தேநீர் முழுக்க ஆறிப்போன பிறகுதான் உறைத்தது. பழைய சர்வரில் தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் (அன்றன்றைய நிலையின் பிரதிகள்) இருந்தன, ஹார்டு லிங்க் முறையில், அதாவது ஒரே கோப்புக்குப் பல பெயர்கள். மாறாத கோப்பு முப்பது ஸ்னாப்ஷாட்டில் தெரிந்தாலும் டிஸ்க்கில் ஒரே ஒரு பிரதிதான், டியுவும் அதை ஒரு முறைதான் எண்ணும். ஆர்சிங்கின் ஹைஃபன் ஏ-வில் ஹார்டு லிங்க் அடங்காது. பெரிய எழுத்து ஹெச்சைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காததால் ஒவ்வொரு லிங்க்கும் தனிக் கோப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. சேர்த்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. ஒரே ஓட்டத்துக்குள் வரும் லிங்க்குகளைத்தான் ஆர்சிங் கண்டுபிடிக்கும், நானோ ஃபோல்டர்களைப் பிரித்து ஓட்டியிருந்தேன். புதிய சர்வரில் ஸ்னாப்ஷாட் பகுதியை அழித்துவிட்டு, பெரிய ஹெச்சையும் சேர்த்து, மொத்தத்தையும் ஒரே கட்டளையில் மறுபடி ஓட்டினேன்.

அழிக்கும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் விடவில்லை, கையாலேயே செய்தேன். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது நினைவிருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்ட்டின் மேலேயே புதிய பதிப்பை வைத்ததில் வந்த வினை. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பயம் அதிகம்.

பிறகு சரிபார்ப்பு. ஆர்சிங் சாதாரணமாக அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடும். சிஎம்ஐபி6 என்ற சர்வதேச காலநிலை மாதிரித் திட்டத்தின் தரவுகளை இறக்கியபோது கூடவே வந்த ஷா256 எண்களை, கோப்பின் கைரேகை மாதிரியானவற்றை, யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள் (யார் என்று தெரிந்தால் காலில் விழுவேன்). அவற்றோடு ஒப்பிட்டதில் மூன்று கோப்புகள் ஒத்துவரவில்லை. பழைய சர்வரிலேயே அவை கெட்டுப்போயிருந்தன, ஆர்சிங் கெட்டதைக் கெட்டபடியே விசுவாசமாகக் கொண்டுவந்திருக்கிறது. மூன்றையும் மறுபடி இறக்கிக்கொண்டோம். எக்ஸ்எஃப்எஸ் தன் மெட்டாடேட்டாவுக்குத்தான் (கோப்பைப் பற்றிய விவரங்கள்) செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்ளும், கோப்பின் உள்ளடக்கத்துக்கு இல்லை. உள்ளடக்கத்துக்கும் அதை வைத்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் போட்டிருக்கலாமோ என்று இன்னும் மனசுக்குள் ஓடுகிறது.

பழைய சர்வரை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து வைத்திருக்கிறேன். மூன்று மாதம் அப்படியே கிடக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. 4 டெராபைட் ஃபோல்டர் ஒன்று, பெயர் "கடைசி_புதுசு_2". உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் 1043 என்று வெறும் எண்தான் வருகிறது. கணக்கு எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது. மூத்தவர்களிடம் கேட்டேன், ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைச் சொன்னார்கள். அதையும் 1043 என்ற எண்ணோடு அப்படியே புதிய சர்வருக்கு ஏற்றிவிட்டேன்.