இப்போதைக்கு எஸ்.பி.

"இந்தப் பூஞ்சையோட டி.என்.ஏ. ஜீன்பேங்க் தரவுத்தளத்துல எதோடயும் ஒட்டல சார். புது இனம்னே எழுதிடலாமே?" என்று ஆய்வு மாணவர் கேட்டார். "இப்போதைக்கு ஒஃபியோகார்டிசெப்ஸ் எஸ்.பி.ன்னு இருக்கட்டும்" என்றேன். ஒஃபியோகார்டிசெப்ஸ் என்பது பூச்சிகளைத் தொற்றிக் கொல்லும் பூஞ்சைப் பேரினம்; எஸ்.பி. என்றால் இனம் எதுவென்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். கையில் இருந்தது ஒரே எறும்பு. இலை நரம்பைக் கவ்வியபடி செத்துப்போன கம்போனோட்டஸ் வகை. பிடரியிலிருந்து பூஞ்சையின் ஒரு காம்பு.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. காம்பின் ஒரு பக்கத்தில் இருந்த பெரிதீசியத் திட்டு, அதாவது வித்துகள் உருவாகும் பகுதி, இன்னும் முற்றவில்லை. முற்றியிருந்தால், பெட்ரி தட்டின் மூடியில் துளி வாஸ்லின் தடவி எறும்பை ஒட்டி, கீழே வாட்டர் அகார் என்ற கூழ் ஊற்றிய பாதியை வைத்து இரவெல்லாம் விட்டால் போதும். காலையில் அகாரின் மேல் ஆஸ்கோஸ்போர்கள் என்ற வித்துகள் வெள்ளையாக இறங்கியிருக்கும். உடனே அளக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் அவை மயிரிழைபோல் ஒரு காம்பை நீட்டி நுனியில் இன்னொரு வித்து வைக்கும்; அதையும் பார்க்க வேண்டும். காய்ந்த ஸ்பெசிமனில் இதெல்லாம் நடக்காது. 2011இல் பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் காட்டில், ஒஃபியோகார்டிசெப்ஸ் யூனிலேட்டராலிஸ் என்ற ஒரே பெயருக்குள்ளிருந்து நான்கு இனங்களைப் பிரித்தபோது கைகொடுத்தவை இந்த வித்துகள்தான். அவற்றில் கம்போனோட்டி-ரூஃபிபெடிஸ் என்ற இனத்தில் வித்தின் நீளம் சுமார் 80–95 மைக்ரான். கம்போனோட்டி-பல்சானியில் 140ஐத் தாண்டும். எறும்பின் பெயரே பூஞ்சைக்கும் வைக்கப்படுவதால், எறும்பைத் தப்பாக இனம் கண்டால் அந்தத் தப்பும் பெயரில் நிலைத்துவிடும்.

டி.என்.ஏ. சீக்வென்ஸை மட்டும் நம்பவும் பயம். இந்தக் காம்புகளின் மேல் வேறு பூஞ்சைகள் ஏறி வாழும். வெட்டிய துண்டில் அவை இருந்தால் இனம் காணப் படிக்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி அவற்றுடையதாகவே வரும், எதோடும் ஒட்டாததில் வியப்பில்லை. டி.இ.எஃப்., எல்.எஸ்.யு., ஆர்.பி.பி.1 என்ற வேறு மூன்று டி.என்.ஏ. பகுதிகளும் பரிணாம மரத்தில் ஒரே கிளையில் வந்து உட்கார வேண்டும். அதற்கு இன்னும் திசு வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டே போனால் ஹோலோடைப்பாக, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரியாக, வைக்க என்ன மிஞ்சும்?

ஆனால் புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும் விதிகள் இவ்வளவு கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. லத்தீனிலோ ஆங்கிலத்திலோ ஒரு விளக்கம், மைகோபேங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தின் எண், ஹோலோடைப் இருக்கும் ஹெர்பேரியம் என்ற உலர்மாதிரிக் காப்பகத்தின் பெயர். ஒரே ஸ்பெசிமன் போதும். இலங்கையின் பெராதெனியாவில் தாமஸ் பெட்ச் என்ற பூஞ்சையியலாளர் பூச்சிப் பூஞ்சைகளுக்குப் பெயர் வைத்த காலத்தில் டி.என்.ஏ. பரிசோதனையே கிடையாது. அந்தப் பெயர்களை வைத்துத்தான் இன்றும் ஒப்பிடுகிறோம். எஸ்.பி. என்று விட்டதை யார் தேடப்போகிறார்கள்?

"அடுத்த எறும்பு கிடைக்கலேன்னா?" என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். ஓரிடத்தில் ஒன்று இருந்தால் பக்கத்து இலைகளின் அடியிலும் இருப்பது வழக்கம்தான். ஆனால் முற்றிய காம்போடு இருக்க வேண்டுமே.

ஆய்வேட்டில் "புதிய இனமாக இருக்கலாம்" என்று எழுதிக் கொண்டுவந்தார். அந்த வரியை நான் அடிக்கவில்லை.