லாக் புக் நிறையும்வரை: ஒரு பி.ஏ.எஸ்.எல்.பி. கிளினிக் அனுபவம்

பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறன் சோதனைக்கும் பேச்சு சிகிச்சைக்குமான பட்டப்படிப்பில் சேரப்போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பாடத்தைப் பற்றித்தான். அனாடமி கஷ்டமா, அக்கூஸ்டிக்ஸில் கணக்கு நிறைய வருமா, பிளஸ் டூவில் பிசிக்ஸைச் சுமாராகப் படித்தவர்கள் சமாளிக்க முடியுமா? முடியும். நான்கு வருடப் படிப்பில் மூன்று வருடம் வகுப்பும் கிளினிக்கும், கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பாடத்தில் விட்டதை ஒரு சீனியரிடம் உட்கார்ந்து கேட்டுப் பிடித்துவிடலாம். கிளினிக்கில் விட்டதை அப்படிப் பிடிக்க முடியாது. சென்னையில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேச்சு-செவித் துறையில் படித்தேன். மேல்படிப்பும் முடித்து, இப்போது வேறொரு துறையில் மாணவர்களின் கிளினிக்கை மேற்பார்வை செய்கிறேன். கிளினிக் போஸ்டிங்கை எப்படிக் கடந்தேன் என்பதை வரப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் வருடம் பார்ப்பதோடு சரி. தெரபி அறைக்குப் பக்கத்தில் ஒருவழிக் கண்ணாடி வைத்த சின்ன அறை இருக்கும். அதற்குள் நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து நோட்ஸ் எடுப்போம். சீனியர் என்ன பொம்மை எடுத்தார், என்ன பாட்டுப் பாடினார் என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். எங்கள் கிளினிக்கை மேற்பார்வை செய்த மேடம் அதைப் படித்துவிட்டு, "தெரபிஸ்ட் செஞ்சதெல்லாம் இருக்கு. குழந்தை என்ன செஞ்சான்?" என்று கேட்பார். எத்தனை முறை தானாக நிமிர்ந்து பார்த்தான், கையை நீட்டினானா, சத்தம் எழுப்பினானா, அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்தானா? இந்த ஒரு கேள்வியை வைத்தே அந்த வருடம் முழுவதும் எங்களைப் பழக்கினார்.

இரண்டாம் வருடத்தில், செவித்திறனை அளக்கிற ஆடியோமீட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். ஹெட்போனில் ஒலி கொடுத்து, எவ்வளவு மெல்லிய சத்தம்வரை கேட்கிறது என்று பார்க்கிற ப்யூர் டோன் ஆடியோமெட்ரி வெளியிலிருந்து பார்க்க எளிது. நன்றாகக் கேட்கிற காதில் 1000 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்க வேண்டும். கேட்டால் 10 டெசிபல் இறக்க வேண்டும், கேட்காவிட்டால் 5 ஏற்ற வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதற்கப்புறம் வருவதுதான் மாஸ்கிங், அதாவது ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காது குறுக்கிடாதபடி அதற்கு இரைச்சல் கொடுப்பது. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேருக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

மாஸ்கிங் எனக்குப் புரிந்தது புத்தகத்தால் அல்ல, ஓர் ஆட்டோ ஓட்டுநரால். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அவருக்கு வலது காது போய்விட்டது. இடது காது நன்றாக இருந்தது. வலது காதில் ஹெட்போன் வழியாகச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனபோது, ஓரளவுக்கு மேல் அவர் பட்டனை அழுத்தினார். பொய் சொல்லவில்லை, அவருக்குக் கேட்டது. ஆனால் கேட்டது இடது காதில். சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மண்டை ஓட்டின் வழியாக மறுபக்கம் போய்விடும். காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கிற வைப்ரேட்டரில் இது இன்னும் மோசம். எந்தப் பக்கம் வைத்தாலும் அதிர்வு கிட்டத்தட்ட அப்படியே மறுபக்கத்துக்கும் போய்ச் சேரும். விளைவு, வலது காதில் எலும்பு வழி நார்மல், காற்று வழி குறைவு என்று ஆடியோகிராம், அதாவது சோதனை முடிவின் வரைபடம், வந்து நிற்கும். அதைப் பார்க்கிறவர் நடுக்காதில்தான் கோளாறு, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று நினைக்க இடமுண்டு.

மேடம் இடது காதுக்கு இரைச்சலைக் கொடுத்து, படிப்படியாக ஏற்றிக்கொண்டே வலது காதை மறுபடி சோதிக்கச் சொன்னார். இரைச்சல் ஏற ஏற அவருடைய பதில்கள் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மெஷினின் உச்சத்திலும் பட்டன் அழுத்தப்படவில்லை. இரண்டு ஆடியோகிராமையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல எதைக் கையில கொடுத்து அனுப்பப் போறே?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நாங்கள் ஒருவர் காதில் ஒருவர் ஃபோம் ப்ளக் அடைத்து, லேபில் இருட்டும்வரை பழகினோம். வைவாவில் மாஸ்கிங் ஃபார்முலாவைக் கேட்பார்கள், அதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். எதற்காக என்று தெரிந்துவிட்டால் மனப்பாடம் தானாக ஏறும்.

பெரா என்பது, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டுகிற பதிலை எலக்ட்ரோடு ஒட்டிப் பதிவு செய்கிற சோதனை. அந்தப் போஸ்டிங்கில் சோதனையைவிடக் குழந்தையைத் தூங்க வைப்பதுதான் வேலை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து அதிகாலை பஸ் பிடித்து வருவார்கள். வருகிற வழியெல்லாம் குழந்தை அயர்ந்து தூங்கிவிட்டு, எங்கள் வாசலில் கண்ணைத் திறந்து சிரிக்கும். ஆகவே அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே, "பஸ்ஸுல தூங்க விடாதீங்கம்மா, பாலை இங்க வந்து குடுங்க" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். தூங்கவே இல்லையென்றால் டாக்டர் பார்த்து மருந்து கொடுப்பார். ஒரு சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்த வழியை இன்றும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: தூங்கின பிறகு நெற்றியை ஜெல் வைத்துத் தேய்க்காதே, குழந்தை எழுந்துவிடும். அம்மா மடியில் பால் குடிக்கிறபோதே நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் சுத்தம் செய்து எலக்ட்ரோடை ஒட்டிவிடு. தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவிலான மின்தடை, அதாவது இம்பீடன்ஸ், 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்ததா என்று பார்த்துக்கொள். பிறகு விளக்கை அணைத்து, செல்போன்களை வெளியே வைத்துவிட்டுக் காத்திரு. சத்தம் கொடுத்தால், அந்தப் பதிலின் ஐந்தாம் அலை திரையில் எழும்பும். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அது தாமதமாகி, சிறுத்து, ஓரிடத்தில் மறையும். ஒரே அளவில் இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால்தான் அது அலை என்று ஒப்புக்கொள்வார்கள்.

காது மிஷினுக்கான இயர் மோல்டுக்கு அச்சு எடுப்பது, பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களோடு வார்டில் நாள் முழுக்க இருப்பது, குரல் கம்மிப்போன டீச்சர்களின் வாய்ஸ் கிளினிக் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றும் தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே தெரபியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வருடத்தில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளில் ஒருத்தி நான்கு வயதுக்காரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்துகிற செவிக் கருவி, வைத்திருந்தார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்தத் திட்டத்தில் இது கிடைக்கிறது. மறுநாள் தெரபிக்கான லெசன் ப்ளானை முந்தின நாள் சாயங்காலமே மேடம் மேஜையில் வைத்துவிட வேண்டும். 'கேட்கும் திறனை மேம்படுத்துதல்' என்று யார் எழுதினாலும் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். பக்கத்தில், "எவ்வளவு? எப்படித் தெரியும்?" என்று எழுதியிருப்பார். எந்த ஒலியை, எவ்வளவு தூரத்தில், பத்துக்கு எத்தனை முறை என்று எழுதினால்தான் கையெழுத்து.

அவளோடு ஒவ்வொரு நாளும் லிங் ஆறு ஒலிச் சோதனையில்தான் ஆரம்பிப்போம். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சில் வருகிற தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். வாயசைவைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பின்னால் உட்கார்ந்து சொல்வேன். கேட்டதும் கையிலிருக்கும் புளியங்கொட்டையை எவர்சில்வர் கிண்ணத்தில் போட வேண்டும், 'டங்' என்று விழும். ஒரு வாரம் ஐந்து ஒலிக்கும் கொட்டை விழுந்தது, ஸ்-க்கு மட்டும் கை அப்படியே நின்றது. முந்தின வாரம் ஸ் அவளுக்குக் கேட்டது என்பது என் பதிவில் இருந்தது. மேடத்திடம் காட்டினேன். அந்தக் கருவியின் வெளியே மாட்டுகிற பகுதியிலுள்ள மைக்கை முதலில் பார்க்கச் சொன்னார். வியர்வையும் தூசியும் சேர்ந்து மைக் கவர் அடைபட்டிருந்தது. மாற்றிய பிறகு ஸ் சொன்னேன், கொட்டை விழுந்தது. அவள் அம்மா அன்றே மைக் கவர் மாற்றுவதைக் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் இந்த ஆறு ஒலிகளையும் வீட்டிலேயே சொல்லிப் பார்க்கவும் ஆரம்பித்தார். அந்தப் பதிவு இல்லாவிட்டால், குழந்தை சரியாக ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டு ஒரு மாதம் ஓட்டியிருப்போம்.

தெரபியில் கஷ்டமான இடம் குழந்தையோடு இருக்கும் நேரம் அல்ல, அது முடிந்து கதவைத் திறந்த பிறகு வரும் ஐந்து நிமிடம். அவள் பாட்டி ஒருநாள் கேட்டார்: "அதான் மிஷின் வெச்சாச்சே பாப்பா, இனிமே தானா பேசிரும்ல?" இதற்குப் பதில் சொல்ல எந்தப் பேப்பரிலும் பாடம் இல்லை. மேடம் பாட்டியை உட்கார வைத்தார். "மிஷின் போட்ட நாள்லதான் அவ காது பொறந்திருக்கு பாட்டி. பொறந்த குழந்தை ஒரு வருஷம் நீங்க பேசறதைக் கேட்டுட்டுத்தானே முத வார்த்தை சொல்லுது? இவளுக்கும் அந்த ஒரு வருஷத்தைக் குடுங்க. நீங்க நிறைய பேசணும்" என்றார். அப்புறம் எதுவும் சொல்லாமல் பாட்டி பேசக் காத்திருந்தார். பாட்டி கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கதை சொல்லலாமா?" என்று கேட்டார். அடுத்த தெரபியிலிருந்து பாட்டியும் அறைக்குள் உட்கார்ந்தார்.

ஆசிரியர்களின் பாடு என்னவென்று இந்தப் பக்கம் வந்த பிறகுதான் முழுசாகத் தெரிகிறது. காலையில் ஓ.பி., நடுவில் வகுப்பு, மதியத்துக்கு மேல் மேல்படிப்பு மாணவர்களின் ஆய்வு, இன்ஸ்பெக்ஷன் வந்தால் ஃபைல்கள். மாணவர் எழுதிய எந்த ரிப்போர்ட்டும் பதிவு பெற்ற ஒருவரின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது. அந்தக் கையெழுத்துக்கு அவர்தான் பொறுப்பு. எங்கள் மேடம் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையால் திறந்துகொண்டே ரிப்போர்ட் திருத்துவார். ஆனாலும் அவர் அறையில் வந்து பார்க்காத தெரபிக்கு, கிளினிக் மணி நேரங்களைப் பதிகிற லாக் புக்கில் கையெழுத்துப் போட்டதில்லை. சில இடங்களில் மணிக்கணக்கைக் கூட்டி எழுதிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அந்தப் பொய் மணிக்கெல்லாம் பின்னாளில் விலை கொடுக்கப்போவது ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தை.

இன்டர்ன்ஷிப்பில் வெளிப் போஸ்டிங்கும் உண்டு. நான் மாவட்ட மருத்துவமனையின் தொடக்க நிலை இடையீட்டு மையம் ஒன்றுக்குப் போனேன். கல்லூரியில் பக்கத்து அறையில் ஆள் இருப்பார்கள், அங்கே கேட்க ஆள் இல்லை. மேடம் சிவப்பு மையில் போட்ட கோடுகள் எல்லாம் அங்கே கைகொடுத்தன.

நான் முடித்தபோது, இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழும் ப்ரொவிஷனல் பட்டச் சான்றிதழும் வைத்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவுக்கு விண்ணப்பித்தேன். 1992 சட்டப்படி அந்தப் பதிவு எண் வந்த பிறகுதான் நம் பெயரில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியும். பதிவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இன்டர்ன்ஷிப் சான்றிதழில் தேதிகள் சரியாக இருக்கின்றனவா என்று கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லாக் புக்கைத் துறையில் ஒப்படைப்பதற்கு முன் ஒரு பக்கம் விடாமல் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்படிப்புக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போகிறபோது, எந்த வகைக் கேஸில் எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கேட்பவர்கள் உண்டு.