பேரூராட்சி மன்றத்தில் கட்சி சாராத உறுப்பினராக: என் வார்டு மக்களுக்கு ஒரு பதவிக்கால அறிக்கை

2022 பிப்ரவரி 19 அன்று நீங்கள் அளித்த வாக்கில் சுயேச்சையாக வென்று, மார்ச் 2 அன்று உறுதிமொழி ஏற்றேன். அந்தப் பதவிக்காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. இன்னும் சில மன்றக் கூட்டங்களே மீதமுள்ள நிலையில், எதைச் செய்து முடித்தோம், எது கோப்பிலேயே நிற்கிறது, ஒவ்வொன்றும் எந்த வழியாக நகர்ந்தது என்பதை உங்களிடம் எழுத்தில் ஒப்படைக்க விரும்புகிறேன். நமக்கு இது மிகவும் தேவை என்று நினைக்கிறேன். ஏனெனில் 2016 அக்டோபரில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்த பின்பு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, மன்றம் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகமே நடந்தது. வார்டில் யாரிடம் எதைக் கேட்பது என்ற பழக்கமே அப்போது அற்றுப்போயிருந்தது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சட்டமன்ற உறுப்பினருக்கு இருப்பதுபோல் பேரூராட்சி உறுப்பினருக்குத் தனித் தொகுதி மேம்பாட்டு நிதி கிடையாது. 2023 ஜூலை முதல் மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் வருகிறது. மற்றபடி, மன்றம் நிறைவேற்றும் தீர்மானத்தில்தான் வார்டின் பங்கு இருக்கிறது. 2022 மார்ச் 4 அன்று உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கும் தலைவர் பதவிக்கான மறைமுகத் தேர்தல் நடந்தபோது சுயேச்சைகளைத் தேடிப் பலர் வந்தார்கள். அது முடிந்த பின்பும் கட்சியில் சேருமாறு அழைப்பு தொடர்ந்தது. கட்சித் தாவல் தடையைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. நான் எந்தக் கட்சியில் சேர்ந்திருந்தாலும் அந்த அட்டவணையின்படி என் பதவி போயிருக்காது. ஆனாலும் கட்சி சாராதவர் என்று சொல்லித்தான் உங்களிடம் வாக்குக் கேட்டேன் என்பதால் கடைசிவரை அப்படியே இருந்தேன்.

அப்படி இருப்பவருக்கு மன்றத்தில் உள்ள ஒரே பலம் தீர்மானப் புத்தகம்தான். வாய்மொழியாகச் சொன்ன கோரிக்கை கூட்டம் கலைந்ததும் காற்றோடு போய்விடுகிறது. எழுத்தில் கொடுத்து, அலுவலக முத்திரையுடன் நகலில் கையொப்பம் வாங்கி, கூட்டப் பொருளில் சேர்க்கச் செய்து, தீர்மான எண்ணோடு பதிவானால் மட்டுமே அடுத்து வரும் செயல் அலுவலர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். தொடக்கத்தில் அலுவலகத்தில் சிலர், "சாரிடம் பேசிக்கொள்கிறோம், மேடம்" என்று என் கணவரைக் குறித்துச் சொன்னார்கள். மனுவில் இருப்பது என் கையொப்பம், பதிலும் என் பெயருக்கே வர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நான் நின்று சொன்னேன். அந்தப் பேச்சு பிறகு அடங்கியது. பெண் உறுப்பினர்கள் பாதிப்பேர் அமரும் மன்றத்தில் இதைச் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு வருத்தமே.

கிழக்குத் தெரு வடிகாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்குக் காரணம் தெருவில் வடிகால் இல்லாததுதான் என்று நாம் எல்லோரும் நம்பியிருந்தோம். பணி ஆய்வாளரோடு மட்டம் பார்த்தபோதுதான், தெருவில் வடிகால் கட்டினாலும் தண்ணீர் நெடுஞ்சாலைச் சிறுபாலத்தில் வந்து முட்டி நிற்கும் என்பது தெரிந்தது. சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது, அதைத் தாண்டிய ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறையின் பொறுப்பு, தெரு மட்டுமே பேரூராட்சியுடையது. மூன்று அலுவலகங்களும் மற்ற இரண்டையும் கைகாட்டிக்கொண்டிருந்தன. ஆகவே ஓடையிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்பட நகலும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டுப் பகர்ப்பும் (நிலத்தின் வகையும் பரப்பும் பதிந்த ஏட்டின் நகல்) கேட்டு விண்ணப்பித்தேன். புலப்படத்தில் அகலமாகக் கிடந்த ஓடை, நேரில் ஒரு ஆள் தாண்டிவிடும் வாய்க்காலாகச் சுருங்கியிருந்தது. நில அளவர் வந்த அன்று எல்லைக்கல்லைத் தேடினோம். தேநீர்க்கடையின் பின்புறம் பாத்திரம் துலக்கப் போட்டிருந்த பலகைக்கல்லைப் புரட்டியபோது, அதற்கடியில் சேற்றோடு சேர்ந்து அம்புக்குறி வெட்டிய சர்வே கல் நின்றது. அந்தக் கல் கிடைத்திராவிட்டால் கோப்பு ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் ஓடையை ஆக்கிரமித்திருந்தவர்களுக்கு அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, பிறகு 6-ஆவது பிரிவில் அகற்ற வேண்டும். இந்த வரிசையில் எதைத் தாண்டினாலும் நீதிமன்றத்தில் நிற்காது என்பதால் அவசரப்படுத்த நான் விரும்பவில்லை. அகற்றப்பட்டவர்களுள் தேநீர்க்கடைக்காரரும் ஒருவர். அவர் நம் வார்டுக்காரர், அந்தக் கடை வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். பேரூராட்சிக் கடைகளை ஏலத்தின் வழியாகவே விட முடியும் என்பதால் அவருக்கு நேரடியாகக் கடை ஒதுக்க இயலவில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்கீழ் கணக்கெடுப்பில் அவர் பெயரைச் சேர்த்து அடையாள அட்டை பெற்றுத் தந்தோம். இப்போது பேருந்து நிறுத்தத்தருகே தள்ளுவண்டியில் கடை நடத்துகிறார். அவருடைய பழைய வருமானத்துக்கு அது ஈடாகவில்லை என்பதையும் நான் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

ஓடையில் இருந்த ஆக்கிரமிப்பு அகன்ற பிறகுதான் நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைச் சான்றைப் பெற முடிந்தது. நிதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு போன்ற பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மழைநீர் வடிகாலுக்கு மீதியுள்ள பங்கிலும் பொது நிதியிலும்தான் இடம் தேட வேண்டும், அந்தப் பங்குக்கு எல்லா வார்டுகளும் போட்டியிட்டன. புலப்படம், அளவீட்டு அறிக்கை, தடையின்மைச் சான்று ஆகிய மூன்றும் கையில் தயாராக இருந்த ஒரே பணி நம்முடையது என்பதால், எதிரெதிர்க் கட்சி உறுப்பினர்களும் ஆட்சேபிக்காமல் தீர்மானம் நிறைவேறியது. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை எல்லாம் அதன்பின் வழக்கமான வேகத்தில் நடந்தன. கான்கிரீட் போட்ட நாள்களில் தெருப் பெண்கள் முறைவைத்து நின்று, கம்பி இடைவெளியை மதிப்பீட்டு நகலோடு அளந்து பார்த்தார்கள். அந்த வடிகாலின் தரத்துக்கு அவர்களே காரணம்.

"நமக்கு நாமே" திட்டத்தில் பூங்காவைச் சீரமைத்ததை நீங்கள் அறிவீர்கள். மூன்றில் ஒரு பங்கை நாம் செலுத்தினால் மீதியை அரசு தரும் திட்டம் அது. நல்ல திட்டம்தான். ஆனால் பணம் திரட்ட முடிந்த தெரு முன்னே போகிறது, முடியாத தெரு பின்னே நிற்கிறது. காலனிப் பகுதியின் குடிநீர்க் குழாயை அத்திட்டத்தில் எடுக்கலாம் என்று ஆலோசனை வந்தபோது நான் மறுத்து, குடிநீருக்கென்றே உள்ள மானியத்திலிருந்து கேட்டதற்குக் காரணம் இதுவே. தினக்கூலிக் குடும்பங்களிடம் குடிநீருக்காகப் பங்குத்தொகை வசூலிப்பது முறையல்ல.

சொத்து வரியில் என்னால் எதையும் மாற்ற முடியவில்லை. 2022 ஏப்ரலில் மாநில அரசு அறிவித்தபடி, 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்ந்தன. மன்றத்தில் என் எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்தேன். பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. அளவு தவறாகப் பதிவான வீடுகளுக்கு மறு அளவீடு கேட்டு, அவற்றில் சிலவற்றுக்குத் திருத்தம் பெற்றதுதான் அந்த விஷயத்தில் நான் செய்ய முடிந்தது.

கிராம ஊராட்சியில் கிராம சபை இருக்கிறது. நகர்ப்புறத்தில் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள இடங்களுக்கே வார்டு குழுவை அரசமைப்புச் சட்டம் கட்டாயமாக்குகிறது. நம்மைப் போன்ற சிறிய ஊருக்கு அரசமைப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. கோவில் மண்டபத்தில் நாமே கூடிப் பேசி வந்தோம். மயானப் பாதை, அங்கன்வாடிக் கழிப்பறை, மேட்டுத் தெருவின் கடைசி மின்கம்பங்கள் ஆகிய மூன்றும் தீர்மானமாகி, பணி ஆணைக்குக் காத்திருக்கின்றன. இவற்றின் தீர்மான எண், தேதி, கோப்பு இருக்கும் பிரிவு ஆகியவற்றை எழுதி, நகல்களோடு ஒரு கட்டாகக் கிளை நூலகத்தில் வைத்திருக்கிறேன். யாரும் பார்க்கலாம், படி எடுத்துக்கொள்ளலாம். விடுபட்ட கோரிக்கை ஏதேனும் இருந்தால் இந்த மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், வரும் கூட்டப் பொருளில் சேர்க்கக் கொடுத்துவிடுகிறேன். தேர்தல் தள்ளிப்போய் மீண்டும் தனி அலுவலர் நிர்வாகம் வந்தால், தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் நிலையைக் கேளுங்கள், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர், நான் பதவியில் இல்லாவிட்டாலும் எப்போதும்போல் மாலையில் வீட்டுக்கு வரலாம்.