55 சொல்லில் ஒரு தவலை

மூன்று மாதமாக 55 சொல் கதை எழுதிப் பார்க்கிறேன். 1987-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வாரப் பத்திரிகை நடத்திய போட்டியில் தொடங்கிய வடிவம் இது. ஆள், இடம், சிக்கல், முடிவு நான்கும் 55 சொல்லுக்குள் வரவேண்டும். தலைப்பு கணக்கில் சேராது.

முதலில் எழுதியது ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர் ஒருவரைப் பற்றி. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவது, மேலே மணலும் சிமெண்டும் போடுவது, தண்ணீரில் ஊறப்போடுவது என்று தெரிந்ததையெல்லாம் கொட்டியதில் அந்த ஆளுக்கு மிஞ்சியது பத்துச் சொல். தூக்கிப் போட்டேன்.

அடுத்தது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைத்தது. பழைய சாமான் கடை வாசலில் ஒரு பித்தளைத் தவலை, விளிம்பில் யாரோ ஓர் ஆச்சியின் பெயர் வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரம். அந்த ஆச்சியே கடைக்கு வந்தால்? முதல் வரைவு 140 சொல். அதில் ஆச்சி அந்தப் பெயரைத் தடவிப் பார்ப்பார். கடைசி வரி: ‘அது அவர் பெயர்தான்.’

மத்தியானம் வீட்டுப் பட்டாலையில் படுத்திருந்த அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். “அதான் தடவுறப்பவே தெரிஞ்சுபோச்சே, பிறகு எதுக்குச் சொல்றே?” என்றார். அந்த வரியை வெட்டினேன். அது போனதும் அதற்காகப் போட்டிருந்த பத்து வரியும் தானாக உதிர்ந்தன.

நடுவில் ஒரு திருட்டுத்தனமும் செய்தேன். தமிழில் ‘நின்றுகொண்டிருந்தவரிடம்’ ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு ஆகும். இப்படி ஒட்டி ஒட்டி எழுதிக் கணக்கை இறக்கினேன். வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டியது. சரி, எண்ணிக்கையில் ஜெயித்து என்ன செய்வது? பிரித்துவிட்டேன். நம் மொழியில் உண்மையான சிக்கனம் அதில் இல்லை, ‘உம்’மிலும் ‘ஏ’யிலும் இருக்கிறது. ‘மகன் வந்தான்’ என்றால் செய்தி. ‘மகனும் வந்தான்’ என்றால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

எட்டாவது வரைவு இது. தலைப்பு ‘சீர்’:

கடைக்காரர் பித்தளைத் தவலையைத் தூக்கிக் காட்டினார். “கனம் பாருங்க ஆச்சி.”

விளிம்பில் வெட்டியிருந்த எழுத்தை ஆச்சி விரலால் தடவினார்.

“பேரு இருக்கேன்னு யோசிக்காதீங்க. அழிச்சுத் தர்றேன்.”

“அதுக்கும் காசா?”

21 சொல். ‘அதுக்குக் காசா?’ என்றுதான் முதலில் இருந்தது. அப்போது வெறும் பேரம். ‘உம்’ வந்த பிறகுதான், வீட்டிலிருந்து அந்தத் தவலை எப்படிப் போயிருக்கும் என்ற கணக்கெல்லாம் உள்ளே வந்தது. ‘தடவினார்’ இன்னும் எனக்கு உறுத்துகிறது, கொஞ்சம் சினிமாத்தனம். வேறு வினை கிடைக்கவில்லை.

நேற்று இதையும் அப்பத்தாவிடம் படித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “வாங்குனாளா இல்லையா?” என்றார்.

“அது எழுதலை அப்பத்தா.”

“அப்ப என்னத்தக் கதை எழுதுனே?”

இன்னும் 34 சொல் கையில் இருக்கிறது.