ஐந்து பாலங்கள், ஏழு ஊர்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போகிறவர்களுக்கு வழியில் எத்தனை ஆறுகளைக் கடந்தோம் என்பதே தெரியாது. சைக்கிளில் போகிறவனின் தொடைக்கு ஒவ்வோர் ஆறும் தெரியும். டெல்டாவில் மேடு என்று ஒன்று இருந்தால் அது பாலத்து ஏற்றம்தான். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, கண்டியூரைத் தாண்டிக் குடமுருட்டி, கடைசியில் காவிரி. கல்லணையில் பிரியும் தண்ணீர் மறுபடியும் மறுபடியும் கிளைத்து இப்படி ஐந்தாக வந்து நம் சக்கரத்துக்குக் கீழே ஓடுகிறது.

நான் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்போது வைத்திருந்த அதே 22 இஞ்ச் சைக்கிள்தான் இப்போதும். கியர் கிடையாது. பை இல்லாததால் கேரியர் மட்டும் லேசாகிவிட்டது. வேலையில் இருந்தபோது வெயிலில் பார்த்த ஊர்களை விடியலில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

இந்தப் புரட்டாசியில் ஒரு நாள் நாலரை மணிக்கே கிளம்பினேன். போக நினைத்தது ஏழூர் வழி. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஏழு ஊர்களுக்கும் சித்திரையில் திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பர் பல்லக்கில் வலம் வருவார். நந்தியெம்பெருமானுக்குத் திருமழபாடியில் கல்யாணம் நடந்தபோது சோற்றுத்துறை சோறு கொடுத்தது, பழனம் பழம் கொடுத்தது, பூந்துருத்தி பூ கொடுத்தது, நெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானம் நெய் கொடுத்தது என்று சொல்வார்கள். உறவுக்காரர்கள் கூடி ஒரு கல்யாணத்தைத் தூக்கி நிறுத்துவதைத்தான் இந்த ஊர்க்காரர்கள் கோயில் கதையாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். பல்லக்கின் வரிசையில் என்னால் போக முடியாது. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது பாலம் இருக்கும் இடம்தான் வழி.

கண்டியூரில் கிழக்கே திரும்பியதும் இருட்டு கெட்டியானது. டைனமோ விளக்கின் வெளிச்சம் மிதிக்கிற வேகத்துக்குத் தகுந்தபடி கூடிக் குறைந்தது. குறுவை அறுவடை நேரம். சாலையின் ஒரு பாதி முழுவதும் நெல். தார்ப்பாய் போர்த்திய குவியல்கள், ஓரத்தில் வரிசையாகக் கற்கள், நடுவே சாக்கு விரித்துப் படுத்திருக்கும் மனிதர்கள். பகலில் கார்க்காரர்கள் இந்த நெல்லைப் பார்த்து எரிச்சலோடு ஹாரன் அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் இங்கே வந்து இரவில் பார்த்தால் அடிக்க மாட்டார்கள்.

திருவேதிகுடிக்கு முன்னால் ஒருவர் எழுந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, "ஏறியே போங்கள் ஐயா, சைக்கிள் சக்கரத்தில் நெல் நசுங்காது" என்றார்.

"எத்தனை நாளாகக் காவல்?"

"எடைக்கு முறை வர வேண்டுமே. நேற்றுச் சாயங்காலம் ஒரு தூறல். மறுபடியும் முதலிலிருந்து காயவைக்க வேண்டும்."

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இயந்திரத்தில் அறுத்த நெல் பச்சையாகவே வந்து விழுகிறது. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறல்களும் ஒரே மாதத்தில் மோதிக்கொள்கின்றன. ஊருக்கு ஊர் சிமென்டுக் களமும் கூரையும் இருந்தால் இந்த மனிதர் வீட்டில் படுத்துத் தூங்குவார். சோறு கொடுத்த ஊருக்குப் பக்கத்திலேயே நெல்லுக்கு ஓர் இடம் இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

திருச்சோற்றுத்துறையில் கிழக்கு வெளுத்தது. சம்பா நாற்றங்காலில் ஒரு பெண் நாற்று பறித்துக்கொண்டிருந்தார். கொக்குகள் அவருக்கு எட்டடி தூரத்தில் பயமில்லாமல் நடந்தன. அங்கிருந்து திரும்பிப் பூந்துருத்தியைத் தொட்டுவிட்டு, குடமுருட்டியையும் காவிரியையும் கடந்து திருவையாற்றுக்குள் நுழையும்போது நன்றாக விடிந்துவிட்டது. டீக்கடையில் ஒரு டீ. அசோகா அல்வா போட இன்னும் அடுப்பு மூட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி, திருப்பழனம் போகும் வழி. இடையிடையே வாழைத் தோட்டங்களும், அகத்தியில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால்களும் சாலையோரத்தைக் குளிர வைத்திருந்தன. பழனத்துக்குப் பக்கத்துத் திங்களூர்தான் அப்பூதியடிகள் ஊர். நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, பிள்ளைகளுக்கும் அதே பெயரிட்டவர். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோன ஒருவன் அந்த ஊர் எல்லையில் நிற்கும்போது அந்தப் பந்தலின் அருமை நன்றாகவே புரிகிறது.

அங்கே வாசல் தெளித்துக்கொண்டிருந்த பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "தபால்காரத் தம்பிதானே? இப்போது பணம் பேங்குக்குப் போகிறதாம். எனக்கு அங்கே போகக் கால் வரவில்லை" என்றார். முதியோர் உதவித்தொகையை மணியார்டராகக் கையில் எண்ணிக் கொடுத்த காலத்தில் அவர் கேட்டது பணம் மட்டுமல்ல, மகனிடமிருந்து கடிதம் உண்டா என்றும்தான். செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து மகன், பேரன், மாடு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதனால் தில்லைஸ்தானத்துக்கு நேரமில்லை. வழியில் வெயில் ஏறினால் நிழல் குறைவு, எட்டு மணிக்கு மேல் கண்டியூர்ச் சாலையில் பள்ளி வேன்களும் லாரிகளும் நெருக்கும். போக நினைப்பவர்கள் நாலரைக்கு மேல் தாமதிக்க வேண்டாம். டயரில் காற்றை முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. நெல் காயும் மாதமென்றால் விளக்கு அவசியம். ஓரத்துக் கற்கள் இருட்டில் தெரியாது.