வாத்தியார் காட்டிய கோபுரம்

ஒன்பதாம் வகுப்பில் மைசூர் சுற்றுலா போனது எங்கள் செட்டில் யாருக்கும் மறந்திருக்காது. சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, பண்ணாரியில் இறங்கி அம்மனைக் கும்பிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு கிளம்பினோம். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சத்தம் போட்டு எண்ணினோம். பாதி தாண்டுவதற்குள் எண்ணுகிறவர்கள் குறைந்து, ஜன்னலோரம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

அரண்மனையும் பார்த்தோம், மிருகக்காட்சிசாலையும் பார்த்தோம். ஆனால் என் மனதில் நின்றது புனித பிலோமினா பேராலயம்தான். இரட்டைக் கோபுரம், ஒவ்வொன்றும் 175 அடி. எங்கள் தோட்டத்துத் தென்னையில் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் எட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"ஏங்கண்ணு, கழுத்து வலிக்கலையா?" என்றபடி வந்தார் வரலாற்று வாத்தியார். "ரெண்டு கையையும் சேத்து மேல தூக்கிக் கும்புடு. விரல் நுனி கூரா இருக்குதல்ல? உள்ள இருக்கற வளைவெல்லாம் இப்படித்தான். பாரம் பூராவும் தூண் வழியா கீழ எறங்கிரும். செவுரு தாங்க வேண்டீதில்ல, அதனாலதான் அத்தாம் பெரிய சன்னல் வெக்க முடியுது."

உள்ளே போனதும் அந்த ஜன்னல்களைப் பார்த்தேன். வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில், முன்னால் நின்றவனின் வெள்ளைச் சட்டை முதுகில் சிவப்பும் நீலமுமாக விழுந்திருந்தது. அவன் நகர நகர நிறமும் மாறியது. அப்புறம் நிலவறைக்கு இறங்கினோம். அங்கே பிலோமினா சாய்ந்து படுத்திருக்கும் சிலையின் முன்னால், யாரும் சொல்லாமலே எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கோயில் இது என்று திரும்பும்போது வாத்தியார் சொன்னார். ஓர் இந்து மகாராஜா மாதா கோயிலுக்குக் கல் எடுத்து வைத்ததை அவர் சொன்ன விதத்தில் அத்தனை பெருமை. "இதுக்கு மாதிரி ஜெர்மனில கொலோன்னு ஒரு ஊர்ல இருக்குது. அதைப் பாக்க நமக்கெங்க கொடுப்பினை" என்றும் சொன்னார்.

வேலைக்காக ஜெர்மனி வந்த முதல் குளிர்காலத்திலேயே கொலோன் போனேன். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கோயில். நடுவே 300 வருஷம் வேலை நின்றுபோய், பாதிக் கோபுரத்தின்மேல் பாரந்தூக்கி மட்டும் அப்படியே நின்றதாம். உயரம் 157 மீட்டர், மைசூர்க் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு. உள்ளே தூண்களுக்கு நடுவில் நின்று என்னையறியாமல் இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தேன். விரல் நுனியும் மேலே வளைவும் ஒன்றுபோல இருந்தன.

தெற்குக் கோபுரத்தில் 533 படி ஏறி, மூச்சு வாங்க வாத்தியாருக்குப் போன் போட்டேன். காற்று இரைச்சலில் முதலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எத்தன படி கண்ணு?"

"533 சார்."

"சரி, பாத்து எறங்கு. எறங்கறப்ப சன்னலுங்க எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வந்து மறுக்கா போன் பண்ணு."