சனி ஞாயிறு என்ன செய்தீங்க?

எங்கள் திங்கள்கிழமை மீட்டிங் சாயங்காலம் ஆறு மணிக்கு. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் அப்போது காலை ஏழரை. கடிகாரத்தைக் கோடைக்கென்று மாற்றி வைக்கும் வழக்கம் கொலம்பியாவில் இல்லை, அதனால் வருஷம் முழுக்க இதே பத்தரை மணி நேர வித்தியாசம்தான். கோத்தகிரியில் மாடி அறையில் ஸ்வெட்டரோடு நான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு நான்கைந்து முகங்கள். வாடிக்கையாளர் புகார்களுக்குள் போகும் முன் ஸ்பானிஷில் ஒரு கேள்வி வந்தே தீரும்: "கே தால் எல் ஃபின் தே செமானா?" சனி ஞாயிறு எப்படிப் போச்சு?

வேலையில் சேர்ந்த புதிதில் புகார்களைவிட இந்தக் கேள்விதான் எனக்குப் பாரம். வாடிக்கையாளரிடம் பேசுவது நிகழ்காலத்திலேயே ஓடிவிடும். திரை வரவில்லை, பாஸ்வேர்டு எடுக்கவில்லை, இந்த பட்டனை அழுத்திப் பாருங்கள். சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இறந்தகாலம் வேண்டும். ஸ்பானிஷ் வகுப்பில் அது ஏ2 என்கிற இரண்டாம் நிலையில்தான் வரும்.

இலக்கணம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. 'போனேன்' என்றாலே 'நான்' அதற்குள் இருக்கிறது. ஸ்பானிஷிலும் அப்படித்தான், 'கொம்ப்ரே' என்றால் வாங்கினேன், 'கொம்ப்ரோ' என்றால் வாங்கினார். வம்பு எங்கே என்றால் அழுத்தத்தில். அதே 'கொம்ப்ரோ'வை முன்னால் அழுத்திச் சொன்னால் 'வாங்குகிறேன்' ஆகிவிடும். ஸ்பானிஷ் எழுத்தில் மேலே ஒரு சின்னக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள். ஹெட்போனில் கோடு ஏது? காதுதான் பழக வேண்டும்.

ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஒரு இறந்தகாலம், வழக்கமாக நடந்ததற்கு இன்னொன்று. 'எல் சாபாதோ ஃபுய்' என்றால் அந்தச் சனிக்கிழமை போனேன். 'லோஸ் சாபாதோஸ் ஈபா' என்றால் அப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் போவேன். இதற்குப் புத்தகத்தில் படமும் அம்புக்குறியுமாகப் பல பக்கங்கள். 'சின்ன வயசில் தாத்தாவோடு சந்தைக்குப் போவேன்' என்று பழைய வழக்கத்தை எதிர்கால விகுதியிலேயே சொல்கிற நமக்கு அந்தப் பக்கங்கள் அதிகப்படி. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை மிச்சம் என்பது என் கட்சி. இன்னொரு சௌகரியமும் உண்டு. என் புத்தகம் ஸ்பெயினில் அச்சானது. அதில் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு நெருங்கியவர்களிடம் பேசத் தனியாக ஒரு வினை வரிசை இருக்கும். லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை. சந்தோஷமாக அடித்துவிட்டேன்.

ஆக, வினைச்சொல் வந்துவிட்டது. சொல்ல விஷயம் வேண்டுமே! புத்தகத்து ஆட்கள் வார இறுதியில் கடற்கரைக்குப் போவார்கள், சினிமா பார்ப்பார்கள், விடிய விடிய ஆடுவார்கள். மலையில் சனி ஞாயிறு வெளியூர்க்காரர்களுடையது. 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசனில் குன்னூர் ரோட்டில் வண்டியை எடுக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. வீட்டோடு இருந்துவிடுவோம். யாராவது கேட்டால் 'ஒண்ணுமில்லை, சும்மா வீட்லதான்' என்போம். தமிழில் அது மரியாதையான பதில். மீட்டிங்கில் அதையே சொன்னால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

போகோட்டா ஆட்களும் மலையைப் புரட்டுகிறவர்கள் இல்லை. ஞாயிறு காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை போகோட்டாவின் பெரிய சாலைகளில் கார்களை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விடுகிறார்கள், 1970களிலிருந்தே. அதில் கொஞ்சம் மிதிப்பார்கள். வீட்டுக்கு வந்து கோழி, உருளைக்கிழங்கு, சோளம் போட்டு அஹியாகோ என்றொரு சூப் வைப்பார்கள். ஆனால் அதைச் சொல்லும்போது மழை பிடித்தது, மாமியார் வந்தது, உப்பு தூக்கலாகப் போனது என்று கேட்பவர் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கும்.

நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, மூடுபனி, பின்பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு காட்டெருமை இறங்கி எங்கள் கோஸ் பாத்திக்குள் நின்றது. 'கௌர்' என்ற பெயர் யாருக்கும் விளங்கவில்லை. காட்டு மாடு, ஒரு டன் எடைக்குக் கிட்ட வரும், காலில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் என்றேன். "என் சேரியோ?" என்றார்கள் கோரஸாக. நிஜமாவா? எங்கள் டீம் லீட் அம்மா உடனே, "இ கே ஈசோ?" என்று கேட்டார்.

அங்கேதான் ஒரு நொடி நின்றேன். 'ஈசோ' என்றால் 'செய்தது' என்றும் கொள்ளலாம், மரியாதையாக 'செய்தீர்கள்' என்றும் கொள்ளலாம். போகோட்டாக்காரர்கள் கூடப் பழகுகிறவர்களிடமும் இந்த மரியாதை வடிவத்தில்தான் பெரும்பாலும் பேசுவார்கள். மாடு என்ன செய்தது என்கிறாரா, நான் என்ன செய்தேன் என்கிறாரா? இரண்டுக்குமே பதில் சொன்னேன்: அது கோஸைத் தின்றது, நான் கதவைச் சாத்தினேன். சிரிப்பு அடங்கவே நேரமாகிவிட்டது. அன்றைக்குப் புகார்ப் பட்டியல் தாமதமாகத்தான் திறந்தது.

அப்புறம் பேச்சு குளிருக்குப் போனது. போகோட்டா சுமார் 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சி 2,637. நாம் வேன் பிடித்துப் போய்ப் பார்க்கிற உயரத்தில் அவர்கள் ஊரே குடியிருக்கிறது. அதற்கப்புறம் டீம் லீட் அம்மா முதலில் கேட்பது மாட்டைத்தான், என்னை அடுத்து.

இப்போது கூடலூரிலிருந்து ஒரு தம்பி குழுவில் சேர்ந்திருக்கிறான். முதல் மீட்டிங்குக்கு முன் போன் செய்தான். "அக்கா, ஞாயித்துக்கிழமை பூரா தூங்கினேன். அதை எப்படிச் சொல்றது?"

"'தோர்மீ'ன்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"யார் எழுப்பினாங்க, என்ன சொல்லித் திட்டினாங்க, அதையும் தயார் பண்ணிக்கோ."